கேபிள் நுழையும் இடத்தில் கொதிக்கும் இரும்பு

சித்திரைக்குப் பிறகு கடல் அடங்கி, திருகோணமலையில் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் ஹோட்டல்கள் நிறையத் தொடங்கினால், எனக்கு வருகிற போன்களில் ஒன்றாவது இப்படி இருக்கும்: "பாஸ், மெயின் பேனல் சுடுது, ஒருக்கா வந்து பாருங்கோ." எல்லா ஏசியும் ஒன்றாக ஓடுகிற காலம். கச்சான் காற்று வேறு அனலாக வீசும். பேனல் அறையோ பெரும்பாலும் குசினிக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத மூலையில் இருக்கும். அந்த அறைக்குள் எதைத் தொட்டாலும் சூடாகத்தான் இருக்கும். ஆகவே நான் முதலில் பார்ப்பது எவ்வளவு சுடுகிறது என்பதை விட, எந்த இடத்தில் சுடுகிறது என்பதைத்தான்.

லக், அதாவது கேபிள் நுனியில் நெரித்துப் போல்ட்டில் பூட்டுகிற உலோகக் காது, இருக்கும் இடம் சுட்டால் போல்ட் இளகியிருக்கிறது, அல்லது லக் சரியாக நெரிக்கப்படவில்லை. கேபிள் முழு நீளத்துக்கும் சுட்டால் அது லோடுக்குக் காணாத கேபிள். இந்த இரண்டையும் எங்கள் ஆட்கள் நன்றாகவே பிடித்துவிடுவார்கள். ஆனால் லக் சாதாரணமாக இருக்கிறது, இரண்டடி தள்ளிக் கேபிளும் சாதாரணமாக இருக்கிறது, கேபிள் பெட்டிக்குள் நுழைகிற இரும்புத் தகடு மட்டும் கை வைக்க முடியாமல் கொதிக்கிறது என்றால், அது மூன்றாவது ஒரு வியாதி. அதைத் தெரியாமல் ஆட்கள் கொட்டுகிற காசைப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

உப்புவெளிப் பக்கம் ஒரு ஹோட்டல். 250 கேவிஏ ஜெனரேட்டர் ஒன்று வைத்திருக்கிறார்கள். 400 வோல்ட்டில் முழு லோட் என்றால் ஒரு பேஸுக்கு (மின்சாரம் வருகிற மூன்று உயிர் லைனில் ஒன்றுக்கு) ஏறக்குறைய 360 அம்பியர். ஜெனரேட்டரிலிருந்து, மெயினையும் ஜெனரேட்டரையும் மாற்றுகிற சேஞ்ச்ஓவர் பேனலுக்கு, ஆர்மர் (மேலே சுற்றும் காப்புக் கம்பி உறை) இல்லாத நான்கு சிங்கிள் கோர் (உள்ளே ஒரே கம்பியுள்ள) கேபிள்கள் தரைக் கானுக்குள்ளால் வருகின்றன: சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கறுப்பு. பேனலின் அடியில் 3 மில்லிமீற்றர் கல்வனைஸ்ட் இரும்பில் கிளாண்ட் பிளேட், கேபிள்கள் உள்ளே நுழைகிற தகடு. அதில் வரிசையாக நான்கு துளைகள், கேபிளை இறுக்கிப் பிடிக்கும் நான்கு பித்தளைக் கிளாண்ட்கள், துளைக்கு ஒரு கேபிள். பார்க்க அவ்வளவு வடிவான வேலை. செய்தவர் கவனமாகத்தான் செய்திருக்கிறார்.

எனக்கு முன்னால் வந்தவர்கள் லக் எல்லாவற்றையும் இறுக்கியிருக்கிறார்கள். குறையவில்லை. அடுத்த முறை, "கேபிள் காணாது" என்று 150 சதுர மில்லிமீற்றர் கேபிளைக் கழற்றிவிட்டு 240 போட்டிருக்கிறார்கள். செப்புக் கேபிளின் இன்றைய விலை தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய செலவு என்று சொல்லத் தேவையில்லை. தகடு முன்பு போலவே கொதித்துக்கொண்டிருந்தது. கிளாண்டின் மேலுறை பழுப்பு நிறமாகி, கேபிளின் வெளித்தோல் அந்த இடத்தில் மட்டும் மினுங்கி இறுகிப் போயிருந்தது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழவில்லை. சாதாரண பிவிசி கேபிளுக்கு 70 பாகைதான் எல்லை. அதற்கு மேலே வெகுநாள் இருந்தால் பிவிசி இப்படித்தான் காய்ந்துபோகும், அப்புறம் வெடிக்கும். வெடித்த கேபிள் உட்கார்ந்திருப்பது எர்த் செய்த இரும்பின் விளிம்பில்.

அளவெடுக்கிற விஷயத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஹோட்டலின் மெயின்டனன்ஸ் பையன் லேசர் புள்ளி விழுகிற வெப்பமானியால் அந்தத் தகட்டை அடித்துப் பார்த்து 44 பாகை என்று எழுதி வைத்திருந்தான். கருவி பழுதில்லை. பளபளப்பான உலோகம் தன் சூட்டைக் கதிராகச் சரிவர வெளியே விடாது. அந்தக் கருவி தகட்டில் பட்டுத் திரும்புகிற சுவரின் சூட்டையும் சேர்த்துப் படிக்கும். ஆகவே ஜெனரேட்டரை நிறுத்தி, சிவப்புத் துளைக்கும் மஞ்சள் துளைக்கும் நடுவில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, திரும்ப ஓடவிட்டு, லோட் ஏறி ஒரு மணித்தியாலம் கழித்து அந்த டேப்பில் அடித்துப் பார்த்தோம். 96 பாகை. அதே நேரம் கேபிளில் 48, லக்கில் 53. வியாதி எங்கே என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

காரணத்தை முகாமையாளருக்கு விளக்க நான் எடுத்தது, கேபிளை வளையத்துக்குள் பிடித்து ஓடுகிற அம்பியரை அளக்கும் கிளாம்ப் மீற்றரைத்தான். சிவப்புக் கேபிளை மட்டும் வளையத்துக்குள் விட்டால் 270 அம்பியர். மஞ்சள் 262, நீலம் 275. பிறகு பெரிய வாயுள்ள மீற்றரை எடுத்து, கானுக்குள் ஒட்டிக்கொண்டு போகிற இடத்தில் நான்கு கேபிள்களையும் ஒரே வளையத்துக்குள் பிடித்தேன். 2 அம்பியர். "மீற்றர் பழுதா பாஸ்?" என்று கேட்டார். பழுதில்லை. மூன்று பேஸும் ஒன்றுக்கொன்று மூன்றில் ஒரு சுற்றுப் பிந்தி ஓடுகின்றன. எந்தக் கணத்தை எடுத்தாலும், நியூட்ரலையும் சேர்த்துக் கூட்டினால், போவதும் வருவதும் சமன். நான்கையும் சேர்த்துச் சுற்றிய வளையத்துக்குக் காந்தம் என்று ஒன்று தெரியவே தெரியாது. ஒன்றை மட்டும் சுற்றிய வளையத்துக்கு முழுக் காந்தமும் தெரியும்.

இப்போது அந்தக் கிளாண்ட் பிளேட்டைப் பாருங்கள். ஒவ்வொரு துளையும் ஒரு கேபிளைச் சுற்றி மூடிய ஓர் இரும்பு வளையம். மீற்றரின் வளையத்துக்கு என்ன நடக்கிறதோ அதுதான் இந்தத் தகட்டுக்கும் நடக்கிறது. கேபிளைச் சுற்றி வட்டமாக எழும் காந்தப் புலத்துக்கு இரும்பு என்றால் விருப்பமான வழி. காற்றில் பரவிப் போகாமல் துளையைச் சுற்றியுள்ள இரும்புக்குள் அடைந்துகொள்ளும். 50 ஹேர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 50 முறை அந்தக் காந்தம் ஒரு பக்கம் திரும்பி மறு பக்கம் திரும்புகிறது. ஒவ்வொரு முறையும் இரும்பின் காந்தத் துகள்களைப் புரட்டிப் போடுவதற்குச் சக்தி செலவாகிறது. அது ஒரு பங்கு சூடு. காந்தம் மாறினால் பக்கத்தில் இருக்கும் உலோகத்தில் மின்னோட்டம் பிறக்கும் என்பது 1831-இல் பரடே கண்டது. அப்படித் தகட்டுக்குள்ளேயே பிறந்து, போக இடமில்லாமல் அங்கேயே சுழலும் ஓட்டங்கள் மற்றப் பங்குச் சூடு. தகட்டுக்கு யாரும் வயர் கொடுக்கவில்லை. ஆனாலும் அதற்குள் கரண்ட் ஓடுகிறது.

2022-இல் கேஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற காலத்தில் எத்தனையோ வீடுகளில் இண்டக்ஷன் அடுப்பு வாங்கினார்கள். வாங்கி வந்த பிறகுதான் வீட்டிலிருந்த அலுமினியச் சட்டிகள் அதில் சூடாவதில்லை என்று தெரிந்தது. காந்தம் ஒட்டுகிற சட்டி வேண்டும். அந்த அடுப்பு வேண்டுமென்றே செய்வதை, இந்தத் தகடு யாரும் கேட்காமலே செய்துகொண்டிருக்கிறது. அடுப்பு ஓடுவது மிக உயர்ந்த அதிர்வெண்ணில், தகடு வெறும் 50-இல். ஆனால் அடியில் இருக்கிற சங்கதி ஒன்றுதான். தகட்டுக்கான வைத்தியமும் அதில் இருக்கிறது: அலுமினியம்.

சூடு எல்லா இடத்திலும் ஒரே அளவில்லை. இரண்டு துளைகளுக்கு நடுவில் நிற்கும் ஒடுங்கிய இரும்புதான் அதிகம் கொதிக்கும். இரண்டு பேஸின் காந்தமும் அந்த இடத்தில் ஒன்றை ஒன்று கூட்டிவிடுகின்றன. அதனால்தான் டேப்பை அங்கே ஒட்டினேன். நடுவில் இருக்கும் மஞ்சள் கேபிளுக்கு இரண்டு பக்கமும் இப்படி. அதன் உறைதான் முதலில் பழுப்பானது. கேபிளை 150-இலிருந்து 240 ஆக்கியது ஏன் பயன்படவில்லை என்பதும் இதில் தெளிவு. காந்தத்தைத் தீர்மானிப்பது ஓடுகிற அம்பியர்தான். செப்பின் தடிப்பு அதில் ஒன்றும் செய்யாது. தடித்த தகடு போடலாமா என்றும் கேட்டார்கள். அதுவும் இரும்புதானே, தீர்வாகாது.

திருத்துவதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, துளைக்குத் துளை வாள் வெட்டுப் போட்டு நான்கையும் ஒன்றாக இணைத்துவிடுவது. அப்போது தனித்தனி வளையங்கள் போய், நான்கு கேபிள்களையும் சேர்த்துச் சுற்றும் ஒரே வளையம் மிஞ்சும். மலிவான வழி, சரியான வழி. ஆனால் அந்த வெட்டுக்குள்ளால் கரப்பான் போகும், பல்லி போகும், எங்கள் ஊரில் உப்புக் காற்றும் போகும். பித்தளையால் நிரப்பியோ, ஏற்ற பசையால் அடைத்தோ விடவேண்டும். இரண்டாவது வழி, இரும்புத் தகட்டையே எடுத்துவிட்டு அலுமினியம் போடுவது. இந்த ஹோட்டலில் அதைத்தான் செய்தோம்.

கேபிளைக் கழற்றாமல் தகட்டை எப்படி மாற்றுவது? 240-இன் லக் கிளாண்ட் துளைக்குள்ளால் வராது. லக்கை வெட்டினால் கேபிள் எட்டாது, இழுத்து எடுக்க மிச்சம் விட்டிருக்கவில்லை. ஆகவே புதுத் தகட்டைத் துளைகளின் நடுக்கோட்டில் இரண்டு பாதியாக வெட்டுவித்தோம். என்சி ரோட்டில் 4 மில்லிமீற்றர் அலுமினியம் வாங்கி, நான் எப்போதும் வேலை கொடுக்கும் லேத் நானாவிடம் கொண்டுபோனேன். "ஏன் தம்பி, முழுத் தகடாப் போட்டா வடிவா இருக்குமே" என்றார். நிலைமையைச் சொன்னதும், இரண்டு பாதியும் பொருந்துகிற விளிம்பில் ஒன்று மற்றதன் மேல் ஏறி நிற்கும்படி படி வெட்டித் தந்தார். அது நான் கேட்காத ஒன்று. தூசி உள்ளே போகாமல் இருந்ததற்கு அந்தப் படிதான் காரணம்.

ஜெனரேட்டர் நிறுத்தி, பேனலின் மற்றப் பக்கச் சப்ளையையும் நிறுத்திப் பூட்டி, பஸ்பாரில் (பேனலுக்குள் மின்சாரத்தைப் பகிரும் உலோகப் பட்டையில்) உயிர் இல்லை என்று சோதித்த பிறகு, உள்ளே இருந்த எல்லாவற்றையும் துணியாலும் பொலித்தீனாலும் மூடினோம். இதைச் சிலர் விட்டுவிடுகிறார்கள். வாளால் வெட்டும்போது பறக்கிற இரும்புத் தூள் பிரேக்கருக்குள் போனால், வியாதியைத் தீர்க்கப் போய் வேறொன்றைக் கொண்டுவந்த கதையாகிவிடும். கிளாண்டின் உள் நட்டுகளைக் கழற்றி மேலே தள்ளிவிட்டு, பழைய தகட்டைத் துளை வரிசையில் வெட்டித் துண்டாக எடுத்தோம். புதிய இரண்டு பாதியையும் இரண்டு பக்கத்திலிருந்தும் செருகி, நட்டுகளை இறக்கி இறுக்கினோம்.

என்னோடு வேலை பழகும் மூதூர்த் தம்பி அப்போது ஒரு கேள்வி கேட்டான். "அண்ணே, பிளேட்டை மாத்தினாலும் அதைச் சுத்தி இருக்கிற பேனல் சட்டம் இரும்புதானே, அது சுடாதா?" நல்ல கேள்வி. சட்டம் சுற்றி நிற்பது நான்கு கேபிள்களையும் சேர்த்து. மீற்றர் 2 அம்பியர் காட்டிய அதே நிலைமை. அவனே சட்டத்தில் கையை வைத்துப் பார்த்துத் தலையாட்டினான். அவனிடம் நான் சொன்ன இன்னொன்று நியூட்ரலைப் பற்றி. சிலர் மூன்று பேஸையும் ஒரு துளையால் விட்டு, கறுப்பை மட்டும் வசதிக்காக வேறு துளையால் கொண்டுவருவார்கள். லோட் மூன்று பேஸிலும் சமமாக இல்லாவிட்டால் அந்த மிச்சம் நியூட்ரலில்தான் ஓடும். இன்வேர்ட்டர் ஏசிகளும் எல்இடி விளக்குகளும் நிறைந்த கட்டிடத்தில் லோட் சமமாக இருந்தாலும் நியூட்ரலில் 150 ஹேர்ட்ஸ் ஓட்டம் சேரும். அதிர்வெண் கூடினால் இரும்புக்குள் சூடும் கூடும். கறுப்பு மற்ற மூன்றோடும்தான் வரவேண்டும், எர்த்தும் அப்படியே.

லோட் ஏறிய பிறகு புதுத் தகட்டில் டேப் ஒட்டிப் பார்த்தோம்: 47. கேபிளின் சூடுதான் அது.

ஆனால் திருகோணமலையில் அலுமினியம் போட்டுவிட்டு அப்படியே வர முடியாது. கடலிலிருந்து இருநூறு யார் தூரத்தில் இருக்கிற பேனல் அது. பித்தளையும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டு நின்றால் அலுமினியம்தான் தின்னப்படும். வெள்ளைத் தூள் பூத்து, சில வருடத்தில் துளை பெருத்துவிடும். கொழும்பில் செய்கிற வேலையை இங்கே அப்படியே செய்தால் நிற்காது என்று நான் சொல்வது இதனால்தான். புதிதாகப் போடுகிற வேலை என்றால் நிக்கல் பூசிய கிளாண்ட் போடலாம்; இங்கே லக்கைக் கழற்ற முடியாததால் பழைய பித்தளைக் கிளாண்டே நின்றது. தொடுகிற இடத்துக்கு அதற்கான கிரீஸ் பூசி, வெளிப்பக்கத்துக்கு எப்பொக்சி பெயின்ட் அடித்தோம். தகட்டின் இரண்டு பாதிக்கும் தனித்தனியாக எர்த் வயர். பெயின்ட் அடித்த தகடு போல்ட்டை நம்பி எர்த் ஆகும் என்று விட்டுவிடக் கூடாது.

துருப்பிடிக்காத ஸ்டீலும் போடலாம். ஆனால் எந்த ஸ்டீல் என்று பார்க்கவேண்டும். கொட்பே பக்கம் படகு வேலைக்கு வருகிற 316 நல்லது, காந்தம் ஒட்டாது. பெயர் ஒன்றாக இருந்தாலும் காந்தம் நன்றாக ஒட்டுகிற ரகங்களும் விற்கிறார்கள். நான் பெட்டியில் எப்போதும் ஒரு சின்னக் காந்தம் வைத்திருக்கிறேன். பழைய ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து எடுத்தது. கடையிலேயே ஒட்டிப் பார்த்து வாங்கிவிடுவேன்.

இது யாரோ புதிதாகக் கண்டுபிடித்த சட்டமும் இல்லை. எங்கள் நாட்டில் நாங்கள் பின்பற்றுகிற பிரித்தானிய வயரிங் விதிகளான பிஎஸ் 7671-இல் 521.5.1 என்ற இலக்கத்தில் இருக்கிறது: ஏசி (குளிரூட்டியில்லை, திசை மாறி மாறி ஓடும் மின்சாரம்) சர்க்கியூட்டின் கேபிள்கள் இரும்புப் பெட்டிக்குள் நுழையும்போது இரும்பு அவற்றைக் கூட்டாகத்தான் சுற்றி நிற்கலாம், தனித்தனியாகக் கூடாது. அதற்கு அடுத்த இலக்கம், சிங்கிள் கோர் கேபிளுக்கு இரும்புக் கம்பி ஆர்மர் வேண்டாம் என்கிறது. அதனால்தான் சிங்கிள் கோர் ஆர்மர்ட் கேபிள்கள் அலுமினியக் கம்பி ஆர்மரோடு வருகின்றன. இரும்புக் கிளிப்பால் ஒரு கேபிளை மட்டும் முழுதாகச் சுற்றிப் பிடிப்பதும் இதே பிழைதான். கூரைச் சோலாரின் டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) வயர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. டிசி காந்தம் மாறாமல் நிற்பதால் இரும்புக்குள் ஒன்றும் சுழலாது. ஆனால் இன்வேர்ட்டரைத் தாண்டி ஏசியாக வருகிற பெரிய கேபிள்களுக்கு உண்டு. இப்போது இங்கே பெரிய கட்டிடக் கூரைகளிலெல்லாம் சோலார் ஏறுகிறது. அந்த ஏசி பக்கத்தைப் போடுகிறவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.

பேனல் செய்விக்கிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஓர்டர் கொடுக்கும்போதே கிளாண்ட் பிளேட் அலுமினியம், துளை போடாமல் தாருங்கள் என்று எழுதிக் கொடுங்கள். அப்போது விலை வித்தியாசம் பெரிதாக வராது. பேனல் வந்து நின்று, கேபிள் ஏறி, ஹோட்டல் நிறைந்த பிறகு மாற்றுவதற்குத்தான் செலவும், ஒரு இரவு முழுக்க விருந்தினர்களை இருட்டில் வைப்பதும்.

கிண்ணியாப் பக்கம் ஒரு ஐஸ் பெக்டரியில் இதையே இன்னொரு வடிவத்தில் பார்த்தேன். அங்கே பேஸுக்கு இரண்டு கேபிள், நியூட்ரலுக்கும் இரண்டு, எல்லாம் சேர்த்து எட்டு. நிலத்துக்குள்ளால் இரண்டு கல்வனைஸ்ட் பைப். இழுத்தவர் ஒரு பைப்பில் சிவப்பு இரண்டும் மஞ்சள் இரண்டும், மற்றதில் நீலம் இரண்டும் கறுப்பு இரண்டும் விட்டிருக்கிறார். எண்ணிக்கையைப் பார்த்தால் பைப்புக்கு நான்கு, சமம்தான். கரண்ட்டைப் பார்த்தால் ஒவ்வொரு பைப்புக்குள்ளும் ஒரு முழுப் பேஸின் காந்தம் மிச்சம் நிற்கிறது. இங்கே சூடாவது ஒரு தகடு மட்டுமில்லை, பைப்பின் முழு நீளமும். சுவரோடு பைப் ஏறும் இடத்தில் பெயின்ட் பொருக்கு விட்டு உதிர்ந்திருந்தது. கேபிள் தன் சூட்டையே வெளியே தள்ள முடியாமல் இரண்டு பக்கச் சூட்டுக்குள் கிடந்தது. கம்பிரசர் தொடங்கும்போது விளக்குகள் வழக்கத்தை விடக் கூடுதலாக மங்கின. பைப்பின் இரும்பு அந்தக் கேபிள்களுக்கு ஒரு சுருள் போல வேலை செய்து வோல்டேஜைத் தின்றுகொண்டிருந்தது.

பெக்டரி ஹாஜியார் முதலில் நம்பவில்லை. "பைப்புக்குள்ள கரண்ட் எப்படிப் போகும் தம்பி, இன்சுலேஷன் சரியாத்தானே இருக்கு?" என்றார். கிளாம்ப் மீற்றரால் பைப் ஏறும் வாயில் நான்கு கேபிள்களையும் சேர்த்துப் பிடித்துக் காட்டினேன். பூச்சியத்துக்குப் பக்கத்தில் நிற்கவேண்டிய இலக்கம் 180-இல் நின்றது. அதற்குப் பிறகு அவர் என்னிடம் காரணம் கேட்கவில்லை, எத்தனை நாள் நிறுத்தவேண்டும் என்றுதான் கேட்டார்.

படகுகள் போகிற காலத்தில் ஐஸை நிறுத்த முடியாது. வாடைக்காற்று தொடங்கி, கடல் கொந்தளித்துப் படகுகள் கரையேறும்போது ஐஸுக்குத் தேவை விழும். அப்போது கேபிள்களை வெளியே எடுத்து, பைப்புக்கு ஒரு சிவப்பு, ஒரு மஞ்சள், ஒரு நீலம், ஒரு கறுப்பு என்று திரும்ப இழுப்பதாக முடிவு. அதுவரைக்கும் இரண்டு கம்பிரசரையும் ஒன்றாக ஓட்டவேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பேனல் அடித்தகட்டுக்கான அலுமினியம் வாங்கி நானாவின் பட்டறையில் கொடுத்தாயிற்று. இந்த முறை இரண்டே இரண்டு பெரிய துளைதான், பைப்புக்கு ஒன்று.